முதல் பேருந்து – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

செய்தித்தாளைப் பிரிக்கவே கை கூசுகிறது, எங்கு பார்த்தாலும் பாலியல் வன்கொடுமைச் செய்திதான். பெண் குழந்தையைப் பெற்றவன் நான். இந்தக் கயவர்களை நடுத்தெருவில் தூக்கில் போட்டால் என்ன? 2019இல் ஹைதராபாத்தில் நடந்ததுபோல என்கவுன்டர் செய்தால் ஒரு பயம் வராதா? எங்கள் வீட்டில் பெண்களைக் குறை வைக்காமல்தான் வளர்த்தோம். தங்கைகூட, மாப்பிள்ளை கை நீட்டுகிறார் என்று இரண்டு முறை வந்து நின்றாள். பேசி, புத்தி சொல்லி அனுப்பி வைத்தோம். இப்போது நன்றாக இருக்கிறாள். ஆனால் வெளியே திரியும் மிருகங்களை என்ன செய்வது? மகளைக் கராத்தே வகுப்பில் சேர்க்கலாமா என்று மனைவி கேட்கிறாள். (பெயர் வேண்டாம்.)

அன்புள்ள தம்பி,

உங்கள் கோபத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். மகளுக்குப் பிடித்திருந்தால் கராத்தே கற்றுக்கொள்ளட்டும். அதில் பேச வேறொன்றும் இல்லை.

தூக்குக்கு வருகிறேன். 2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த கொடுமைக்குப் பிறகு நாடே தூக்கு கேட்டது. அப்போது அமைக்கப்பட்ட நீதிபதி ஜே.எஸ். வர்மா குழு, ஒரே மாதத்தில் தந்த அறிக்கையில் மரண தண்டனையைப் பரிந்துரைக்கவில்லை. அதன் தொடர்ச்சியாக 2013இல் வந்த திருத்தம், இத்தகைய குற்றங்களில் எஃப்.ஐ.ஆர். போட மறுக்கும் போலீஸ்காரருக்கே சிறை என்றது. அது இன்று, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 199ஆம் பிரிவாக இருக்கிறது. நடுத்தெருத் தூக்கு கேட்பவர்கள் அந்தப் பிரிவைப் பற்றி ஏன் ஒரு வார்த்தை பேசுவதில்லை? ஹைதராபாத்தைப் பொறுத்தவரை, பாலியல் கொலை வழக்கில் பிடிபட்டுப் போலீஸ் காவலில் இருந்த நால்வரும் கொல்லும் நோக்கத்தோடுதான் சுடப்பட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் அமைத்த ஆணையம் 2022இல் சொல்லிவிட்டது. அங்கே விசாரணையே நடக்கவில்லை. விசாரணை இல்லாத இடத்தில் நீதி எங்கிருந்து வரும்?

இன்னொன்று. பாலியல் வன்புணர்வு வழக்குகளில் 90 சதவீதத்துக்கும் மேல் குற்றவாளி அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவன்தான் என்று ஆண்டுதோறும் அரசின் குற்றப் புள்ளிவிவரம் சொல்கிறது. செய்தது சித்தப்பா என்றால், தூக்கு என்று கேட்ட மாத்திரத்தில் வீடே கூடி அந்தக் குழந்தையின் வாயைத்தான் பொத்தும்.

இதெல்லாம் பலர் எழுதியதுதான். இதற்காக மட்டும் என்றால் பதில் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். உங்கள் தங்கையைப் பற்றிய அந்த மூன்று நான்கு வரிகள்தான் என்னை நிறுத்தின. கொஞ்ச நாளாகவே என் அத்தையின் நினைவாக இருக்கிறேன்.

எனக்கு அப்போது பதினோரு வயது. அத்தை இரவில் வந்தாள், இடுப்பில் பிள்ளை, கையில் ஒரு பை. யாரும் எதுவும் கேட்கவில்லை. பாட்டி விளக்கைப் போடாமல், இருட்டிலேயே அவள் முதுகுக்கு எண்ணெய் தடவினாள். விடிந்ததும் முதல் பேருந்தில் அப்பா அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். நிறுத்தம் வரை பையைத் தூக்கிக்கொண்டு போனது நான். “ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன்னு அப்பாகிட்ட சொல்றியாடி?” என்று அத்தை என் காதருகில் கேட்டாள். நான் சொல்லவில்லை.

அப்பாவுக்குத் தங்கைமேல் உயிர். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதன்பிறகு அத்தை ஒரு நாளும் இரவில் வரவில்லை. கல்யாணங்களுக்கு வருவாள், சிரிப்பாள். “பாத்தியா, எல்லாம் சரியாப்போச்சு” என்று அப்பா வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரியில் அத்தை என்னிடம் சொன்னாள்: “அங்க வந்தா திரும்பக் கொண்டுவந்து விட்டுடுவாங்கன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அவருக்கும் தெரிஞ்சுபோச்சு.”

அவருக்கும், அதாவது அத்தையின் கணவருக்கும், தெரிந்துபோயிற்று. தம்பி, இதைத் திரும்பத் திரும்பப் படியுங்கள். அவளைத் திருப்பி அனுப்பியபோது நீங்கள் புத்தி சொன்னது தங்கைக்கு மட்டும் அல்ல. இவளுக்குப் போக்கிடம் இல்லை என்று மாப்பிள்ளைக்கும் சொல்லி அனுப்பினீர்கள். முதல் முறை அவருக்கு இலேசான பயம் இருந்திருக்கும், அண்ணன்காரன் என்ன கேட்பானோ என்று. நீங்களே கூட்டிக்கொண்டு போய் நின்றதும் அதுவும் போயிற்று. இரண்டாம் முறை உறுதியாயிற்று. மூன்றாம் முறை அவள் வரவில்லை. அதைத்தான் “நன்றாக இருக்கிறாள்” என்று எழுதுகிறீர்கள். உங்களுக்கு எப்படித் தெரியும்? கேட்டீர்களா? ஊரான் பிள்ளையைத் தூக்கில் போடத் துடிக்கும் நீங்கள், உங்கள் வீட்டு மாப்பிள்ளையிடம் என்ன கேட்டீர்கள்?

2019–21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வு, உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறைக்கு ஆளான பெண்களில் 14 சதவீதம் பேரே உதவி கேட்டதாகச் சொல்கிறது. 77 சதவீதம் பேர் யாரிடமும் வாயே திறக்கவில்லை. உங்கள் தங்கை அந்த 14 பேரில் ஒருத்தியாக இருந்தாள். நீங்கள் அவளை 77இல் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டீர்கள்.

சட்டம் என்ன செய்யும் என்று கேட்பீர்கள். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005இல் வந்தது. அதன் 19ஆம் பிரிவின்படி, அடிக்கிறவனை வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லி மாஜிஸ்ட்ரேட் உத்தரவிடலாம். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நள்ளிரவில் நடக்க வேண்டியவள் அவள் இல்லை, வெளியேற வேண்டியவன் அவன். மனு கொடுத்தால் பொதுவாக மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, அதிலிருந்து 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. நடைமுறையில் இழுக்கிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஒரு பெண்ணுக்குத் துணையாகக் காவல் நிலையத்தில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். “இனி அடிக்க மாட்டேன்” என்று அவனிடம் எழுதி வாங்கிக்கொண்டு, இருவரையும் ஒரே ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்கள். என் அப்பா முதல் பேருந்தில் செய்ததைத்தான் அங்கே சீருடை போட்டுக்கொண்டு செய்தார்கள். ஆனால் ஸ்டேஷனைத் திட்டுவதற்கு முன்னால் உங்கள் வாசலைப் பாருங்கள்.

மாப்பிள்ளை பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துத் தங்கையிடம் பேசுங்கள். “நல்லா இருக்கியா” என்று கேட்காதீர்கள், நல்லா இருக்கேன் என்றுதான் சொல்வாள். “உன்னத் திருப்பி அனுப்பினது என் தப்பு” என்று சொல்லுங்கள். உடனே எதுவும் பேச மாட்டாள், அழக்கூடச் செய்யலாம், போனை வைத்துவிடாதீர்கள். அடுத்த முறை பார்க்கும்போது உங்கள் வீட்டுச் சாவி ஒன்றை அவள் கையில் கொடுங்கள். கொடுத்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா