கிளிஞ்சல் நாற்றத்துக்கும் உடையாத துளைக்கும்

வணக்கம். தூத்துக்குடிக் கரையில் பொறுக்கிய கிளிஞ்சல்களைக் கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடுகிற மாதிரி செய்து சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கப் போகிறீர்கள். நாற்றம் போகவில்லை, ஆணியால் துளைத்தால் உடைகிறது என்று கேட்டிருந்தீர்கள்.

நாற்றத்துக்குக் காரணம் உள்ளே ஒட்டியிருக்கும் சதை. பிளீச் திரவமும் தண்ணீரும் சரிபாதி கலந்து சில மணி நேரம் ஊறவைத்து, பழைய பல் பிரஷால் தேய்த்து, நன்றாக அலசி வெயிலில் போடுங்கள். வினிகர் வேண்டவே வேண்டாம். கிளிஞ்சல் என்பது சுண்ணாம்பு, அமிலம் பட்டால் அரித்துவிடும். வினிகர் பிளீச்சோடு சேர்ந்தால் நச்சு வாயுவும் வரும்.

ஆணியை விட்டுவிடுங்கள். இரண்டு ஓடுகளும் சேர்கிற இடத்துக்கு மேலே ஒரு மேடு இருக்கிறதல்லவா? அதைச் சொரசொரப்பான கருங்கல்லில், தண்ணீர் விட்டுத் தேயுங்கள். மேடு தட்டையாகி, நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை தெரியும். இன்னும் கொஞ்சம் தேய்த்தால் சணல் நூல் நுழையும். ஈரத்தில் தேய்த்தால் தூள் பறக்காது. அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

ஒன்றை மட்டும் கட்டாயம் கேளுங்கள்: பவளத்துண்டு கரையில் ஒதுங்கிக் கிடந்தாலும் எடுக்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளமும், கடல்குதிரையும், சில வகைச் சங்குகளும் பாதுகாக்கப்பட்டவை. சங்கு எதுவானாலும் உள்ளே நண்டு குடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடுங்கள். சாதாரண மட்டிக் கிளிஞ்சலே போதும்: பெரிது மேலே, சிறிது கீழே என்று மூன்றைக் கோத்து, இடையிடையே முடிச்சுப் போட்டால் அவ்வளவு அழகாக இருக்கும்.