40 சதவீதம் இல்லையென்றால் தேர்வில் உதவி கிடையாதா?

கேள்வி: என் தம்பி எழுத ஆரம்பித்தால் கொஞ்ச நேரத்தில் வலது கை விரல்கள் இழுத்துக்கொள்ளும். மத்திய அரசுத் தேர்வுக்குப் படிக்கிறான். மாற்றுத்திறனாளி சான்றிதழில் குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறைவு என்பதால், தேர்வில் அவன் சொல்வதை எழுதுபவர் கிடைக்க மாட்டார் என்கிறார்கள். உறவினர்களோ, "நல்லாத்தானே இருக்கான், மத்த பிள்ளைகளுக்கு இது அநியாயம் இல்லையா?" என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: உரிமை இருக்கிறது, தயங்காமல் கேளுங்கள். 40 சதவீதம் என்பது இட ஒதுக்கீடு போன்றவற்றுக்கு வைத்த எல்லை. தேவையான வசதியை மறுப்பதே பாகுபாடு என்கிறது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் இதே பிரச்சினை உள்ள விகாஷ் குமார், யுபிஎஸ்சிக்கு எதிராகத் தொடர்ந்த வழக்கில், 40 சதவீதம் இல்லை என்று சொல்லி எழுதுபவரை மறுக்கக் கூடாது என 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதையொட்டி 2022 ஆகஸ்டில் மத்திய அரசு தனி நெறிமுறையே வெளியிட்டது. மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும் அதில் உண்டு.

அரசு மருத்துவமனையில் வாங்கும் சான்றில் 'எழுதுவதில் சிரமம்' என்பது தெளிவாக இருக்கட்டும். விண்ணப்பிக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

சரி, அநியாயம் என்ற பேச்சுக்கு வருவோம். மூன்று மணி நேரம் விடாமல் எழுதும் கையை மனதில் வைத்துத்தான் தேர்வையே வடிவமைத்திருக்கிறார்கள். அந்தக் கை உள்ளவர்களுக்கு அந்தச் சலுகை கண்ணில் படுவதில்லை. உங்கள் தம்பி விடையைச் சொல்ல வேண்டும், 'இங்கே கமா, இது புதுப் பத்தி, அந்த வரியைத் திரும்ப வாசிங்க' என்றும் சொல்ல வேண்டும். அந்த 20 நிமிடம் இதற்கே போய்விடும். யாரும் கெட்ட எண்ணத்தோடு பேசவில்லைதான். ஆனாலும் வெளியே தெரியாத குறைபாடு உள்ளவரை ஒவ்வொரு வாசலிலும் நிரூபித்துக் காட்டச் சொல்வது ஒடுக்குமுறைதான்.

இதில் பணமும் சேர்கிறது. பல தேர்வுகளில் எழுதுபவரை நாமே அழைத்து வரச் சொல்கிறார்கள். படித்த சொந்தக்காரர்கள் உள்ள வீட்டில் ஒரு போன் போதும். கூலி வேலைக்குப் போகும் குடும்பத்தின் முதல் பட்டதாரிப் பெண், நாள் முழுக்க உடன் இருக்க யாரைக் கூப்பிடுவாள்? பஸ் காசை யார் கொடுப்பது? தேர்வு நடத்துபவரே ஆளைத் தர வேண்டும் என்றும் சேர்த்தே கேளுங்கள்.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கி, தேர்வுத் தேதிக்கு முன்பே டெல்லியில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையருக்குப் புகார் அனுப்புங்கள்.