முன்பல் இடைவெளிக்கு 8 வயதிலேயே கிளிப்பா?

கேள்வி: என் மகளுக்கு 8 வயது. புதிதாக முளைத்த மேல் முன்பற்களுக்கு நடுவே இடைவெளி; விசிறி போல விரிந்தும் நிற்கின்றன. இப்போதே கிளிப் போடச் சொல்கிறார் ஒரு மருத்துவர். 12 வயது வரை பொறுக்கச் சொல்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இடைவெளிக்காக மட்டும் என்றால் பொறுக்கலாம். அவளுடைய மேல் கோரைப்பற்கள் இன்னும் எலும்புக்குள் இருக்கின்றன. கீழே இறங்கும் வழியில் பக்கத்துப் பல்லின் வேரை அவை அழுத்துவதால்தான் முன்பற்கள் விரிகின்றன. 11, 12 வயதில் கோரைப்பல் முளைத்ததும் இடைவெளி பெரும்பாலும் தானாக மூடிக்கொள்ளும். 2 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் கொஞ்சம் மிச்சம் நிற்கலாம். அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம். இதற்குப் பல் மருத்துவத்தில் 'அழகற்ற வாத்துக்குஞ்சுப் பருவம்' என்றே பெயர். பெயர் வைத்தவர் குழந்தைகளிடம் கொஞ்சம் கருணை காட்டியிருக்கலாம்!

அதற்காக முதல் மருத்துவரைத் தள்ளிவிட வேண்டாம். 7 வயது வாக்கில் பல் சீரமைப்பு நிபுணரிடம் ஒருமுறை காட்டுவது நல்லதுதான். காட்டுவது வேறு, கிளிப் மாட்டுவது வேறு.

இன்று பல் தேய்த்ததும் மகளைக் கடைவாயை நன்றாகக் கடித்துக்கொள்ளச் சொல்லி, கன்னத்தை ஒதுக்கிப் பாருங்கள். டப்பாவுக்கு மூடி போல மேல்வரிசை கீழ்வரிசையை வெளியே சுற்றி நிற்க வேண்டும். மேல்பற்கள் எங்காவது கீழ்ப்பற்களுக்கு உள்ளே விழுந்தாலோ, கடிக்கும்போது கீழ்த்தாடை ஒரு பக்கம் நழுவினாலோ தள்ளிப்போடாதீர்கள். மேல் அண்ணத்தின் நடுவே ஓடும் எலும்பு இணைப்பு வளரிளம் பருவத்தில் இறுகத் தொடங்கும். அதற்கு முன் என்றால், அண்ணத்தில் ஒரு கருவியைப் பொருத்தி, சிறு சாவியால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகியே தாடையை அகலப்படுத்திவிடலாம். வளர்ந்த பிறகு அறுவை சிகிச்சை வரைகூடப் போக நேரலாம்.

விரல் சூப்புகிறாளா, வாயைத் திறந்தபடி தூங்குகிறாளா, பால் கடைவாய்ப்பல் எதையாவது சொத்தையால் முன்கூட்டியே எடுத்தீர்களா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சரி, முன்பற்கள் ரொம்ப எடுப்பாக இருந்தால்? இப்போது ஒரு தவணை, பிறகு ஒரு தவணை என்று இரண்டு முறை செய்வதால் பல்வரிசை கடைசியில் கூடுதல் அழகாகிவிடுவதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் இப்போதே செய்தால், விழுந்து முன்பல்லை உடைத்துக்கொள்ளும் ஆபத்து குறையும். ஓயாமல் ஓடி விழுகிற பிள்ளைக்கு அதுவும் சின்ன விஷயமில்லை.

"இப்போது செய்யாவிட்டால் பிறகு எதைச் செய்ய முடியாமல் போகும்?" என்று முதல் மருத்துவரிடம் கேளுங்கள். தாடை, கடி என்று காரணம் சொன்னால் ஆரம்பித்துவிடுங்கள். இடைவெளி மட்டும்தான் என்றால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டிக்கொண்டு வாருங்கள், போதும்.