'பதான்' படத்தில் தர்க்கமே இல்லை என்கிறார்களே, பிறகு எப்படி ரசிக்க முடிகிறது?

குற்றச்சாட்டு உண்மைதான். சித்தார்த் ஆனந்த் இயக்கி 2023 ஜனவரியில் வெளிவந்த இந்தப் படத்தில் உறைந்த பைக்கால் ஏரியின் மேல் மோட்டார் சைக்கிள்கள் சீறுகின்றன, மனிதர்கள் முதுகில் இயந்திரம் கட்டிக்கொண்டு வானில் மோதுகிறார்கள். இவற்றில் இயற்பியலைத் தேடுவது வீண் வேலை. என்னை உறுத்திய குறை வேறு: ஜான் ஆபிரகாம் ஏற்ற வில்லன், மீட்புத்தொகை தர அரசு மறுத்ததால் கர்ப்பிணி மனைவியைக் கண்ணெதிரே பறிகொடுத்த முன்னாள் உளவாளி. இவ்வளவு நியாயமான கோபத்தைக் கொடுத்துவிட்டு, அதற்குப் பதில் சொல்லத் துணிவில்லாமல், திரைக்கதை அவனைப் பெரியம்மைக் கிருமியைப் பரப்பும் வழக்கமான கொடியவனாக்கிவிடுகிறது. கணினி வரைகலையும் சில இடங்களில் பல்லிளிக்கிறது.

ஆனாலும் இத்தகைய படங்களின் இன்பம் கதையில் இல்லை; நட்சத்திரத்தின் மீது பார்வையாளருக்கு ஏற்கெனவே இருக்கும் உறவில் இருக்கிறது. 2018-க்குப் பிறகு நாயகனாக வராதிருந்த ஷாருக் கான், 57 வயதில், நீண்ட முடியுடன் அடிபட்டுத் தள்ளாடி எழும்போது, அரங்கம் கைதட்டுவது பாத்திரத்துக்கு அல்ல, அவருக்குத்தான். ரயில் சண்டையில் சல்மான் கான் கூரையைப் பிளந்து வந்து குதிப்பதும், இறுதியில் இருவரும் வலி மாத்திரையோடு உட்கார்ந்து ஓய்வு பெறலாமா என்று பேசிக்கொள்வதும் அப்படித்தான். தன்னைத் தானே கிண்டல் செய்துகொள்ளும் அந்தச் சில நிமிடங்களுக்காகவே (சண்டைகளைவிட எனக்கு அவைதான் பிடித்தன) ஒருமுறை பார்க்கலாம்.