ஸ்பிளிட் ஏசியில் ஆண்டுதோறும் கேஸ் குறைவது ஏன்?

“ஒவ்வொரு கோடையிலும் கேஸ் நிரப்ப வேண்டியிருக்கிறது, இது இயல்புதானா?” என்று கேட்டிருக்கிறீர்கள். இயல்பே அல்ல. ஏசி கேஸ், வண்டிக்குப் போடும் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றி வருவது. குறைந்தால் எங்கோ கசிகிறது.

முதலில் சந்தேகிக்க வேண்டிய இடம், செம்புக் குழாய்கள் நட்டுடன் சேரும் ஃபிளேர் இணைப்பு. அங்கே ரப்பர் வாஷர் கிடையாது. புனல் போல 45 பாகையில் விரித்த செம்பின் விளிம்பு பித்தளை முனையில் அழுந்துவது மட்டுமே கேஸ் வெளியேறாமல் தடுக்கிறது. வெட்டிய குழாயின் பிசிறை நீக்காமல் விரித்தால் மயிரிழைக் கீறல் விழும். கசிவுக்கு அது போதும். நட்டை மிகையாக முறுக்கினால் விளிம்பு நசுங்கி மெலிந்து பிறகு விரிசல் விடும். கால் அங்குலக் குழாய்க்கு ஏறத்தாழ 14 முதல் 18 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை போதும். கைக்கணக்கை நம்பாமல், இந்த விசையை அளந்து முறுக்கும் டார்க் ஸ்பேனரால் இறுக்கச் சொல்லுங்கள். ஆர் 410ஏ, ஆர் 32 ஆகிய ஏசி கேஸ் வகைகளின் அழுத்தம் பழைய ஆர் 22 கேஸைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். முன்பு தாங்கிய அரைகுறை வேலை இப்போது தாங்காது.

வெளி யூனிட்டின் அதிர்வும் குழாயை உலுக்கும். இணைப்பைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் கசிவு பெரும்பாலும் அங்கேதான். சோப்பு நுரை தடவிப் பாருங்கள். ஃபிளேரை வெட்டிப் புதிதாக விரித்து, நைட்ரஜன் அழுத்தத்தில் சோதித்து, குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி வெளியேற்றிய (வாக்குவம்) பிறகே கேஸ் நிரப்பச் சொல்லுங்கள்.