கொலஸ்ட்ரால் சரி, ஆனால் ரத்தக்குழாயில் சுண்ணாம்பு: பதில்

வணக்கம். அப்பாவுக்குச் சிறுநீரக நோய் நான்காம் நிலை, கொலஸ்ட்ரால் சரியாக இருக்கிறது, ஆனாலும் கால் எக்ஸ்ரேயில் ரத்தக்குழாய் வெள்ளைக் கோடாகத் தெரிகிறது, எப்படி என்று கேட்டிருந்தீர்கள்.

அது பெரும்பாலும் சுண்ணாம்புப் படிவு. கொழுப்பு குழாயின் உள்சுவரில் சேரும், இது நடுச்சுவரில். சிறுநீரகத்தால் பாஸ்பரஸை வெளியேற்ற முடியாதபோது, நடுச்சுவரின் தசைச் செல்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டு எலும்புச் செல் மாதிரி நடந்துகொள்ள ஆரம்பிக்கும். கால்சியமும் பாஸ்பேட்டும் அங்கேயே படிந்து குழாய் விறைத்துவிடும். நீங்கள் எழுதிய 170/65 பிரஷர்கூட அதனால் இருக்கலாம். விரிந்து கொடுக்காத குழாயில் மேல் எண் ஏறும், கீழ் எண் இறங்கும்.

அப்பாவின் ரத்தப் பரிசோதனையில் வந்த பாஸ்பரஸ் 6.1 என்பது அதிகம்தான், வழக்கமாக 4.5-ஐத் தாண்டக் கூடாது. மருந்துக்கடையில் நீங்களாக வாங்கிய கால்சியம் மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அவர் எழுதிய செவலமர், சாப்பாட்டிலுள்ள பாஸ்பரஸ் உடம்பில் ஏறாமல் பிடித்துவைக்கும் மாத்திரை; அதைச் சாப்பாட்டோடு போட்டால்தான் பலன், வெறும் வயிற்றில் போட்டு என்ன பிரயோஜனம்?

பருப்பை அடியோடு நிறுத்தியது எனக்குச் சரியாகப் படவில்லை. அதிலுள்ள பாஸ்பரஸ் உடம்பில் முழுதாக ஏறாது. கோலாவிலும் பதப்படுத்திய இறைச்சியிலும் சேர்க்கிற பாஸ்பேட்தான் பெரும்பகுதி ஏறிவிடும். பொட்டாசியமும் பார்க்க வேண்டும் என்பதால் பருப்பின் அளவை டயட்டீஷியனிடம் கேளுங்கள்.

அப்புறம், அப்பாவின் காலில் இருப்பதாக நீங்கள் எழுதிய புண். விறைத்த குழாயில் கணுக்கால் பிரஷர் சோதனை, ரத்த ஓட்டம் குறைவாக இருந்தாலும் நன்றாக இருப்பதுபோல் காட்டக்கூடும். கால் விரலில் பிரஷர் பார்க்க முடியுமா என்று இந்த வாரமே கேளுங்கள்.