போதலேரின் 'அந்தியின் இசைவு' கவிதையில் வரிகள் ஏன் திரும்பத் திரும்ப வருகின்றன?

பிரெஞ்சுக் கவிஞர் சார்ல் போதலேர் எழுதி 1857இல் வெளியான இந்தக் கவிதை, பகல் இரவாகக் கரையும் நேரத்தைப் பற்றியது. இதன் வடிவத்துக்குப் பாந்தூம் என்று பெயர். மலாய் மொழியிலிருந்து பிரெஞ்சுக்குப் போனது. ஒரு பத்தியின் இரண்டாம், நான்காம் வரிகள் அடுத்த பத்தியின் முதல், மூன்றாம் வரிகளாக மறுபடி வரும். கையால் தைக்கும்போது ஊசி சற்றுப் பின்னே போய் மீண்டும் முன்னேறுகிறதே, அதே நடைதான். நம் அந்தாதியை அறிந்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும்.

காரணம் கவிதைக்குள்ளேயே இருக்கிறது. ஒலியும் மணமும் மாலைக் காற்றில் சுழல்கின்றன என்கிறார் கவிஞர். வரிகளும் வால்ஸ் நடனம்போல் சுழல்கின்றன. பதினாறு வரிகளுக்கும் இரண்டே இயைபு ஒலிகள்தான், அதாவது வரி முடிவில் ஒத்து ஒலிப்பவை.

எனக்கு மிகவும் பிடித்த இடம் வயலின் வரி. துன்புறுத்தப்பட்ட இதயம்போல் வயலின் நடுங்குகிறது என்று முதலில் வரும்போது இதயம் வெறும் உவமை. அதே வரி அடுத்த பத்தியில் திரும்பும்போது, பரந்த கரிய வெறுமையை வெறுக்கும் மென்மையான இதயம் ஒன்று அதன் பக்கத்தில் வந்து நிற்கிறது. உவமை உயிர்பெற்றுவிடுகிறது! பிறகு சூரியன் தன் உறையும் இரத்தத்திலேயே மூழ்க, கடைசி வரியில் காதலியின் நினைவு தேவாலயக் கதிர்ப்பாத்திரமாக (நற்கருணை அப்பத்தை வைத்துக் காட்டும் பாத்திரம்) ஒளிர்கிறது.

இதை இலக்கணம் பிசகாத பாந்தூம் என்று பலர் எழுதுகிறார்கள்; அது சரியல்ல, ஏனெனில் முறையான பாந்தூமில் முதல் வரியே இறுதி வரியாகத் திரும்ப வேண்டும், இங்கே அது திரும்புவதில்லை.